உள்ளரங்கப் பயிர் வளர்ப்பில் செயற்கை ஒளியின் அளவும் ஆளுகையும்: லெட்டூஸ், கஞ்சா ஆகிய இரு பயிர்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

சூரிய ஒளி புகாத அறைகளில் மின்விளக்குகளை மட்டுமே நம்பிப் பயிர் வளர்க்கும் முறையில், பயிருக்கு எவ்வளவு ஒளி தரவேண்டும் என்பதே விளைச்சலையும் மின்செலவையும் ஒருங்கே முடிவு செய்கிறது. மனிதக் கண்ணுக்கென வகுக்கப்பட்ட லக்ஸ் அலகு இங்குப் பயன்படாமல் போவதற்கான காரணத்தையும், ஃபோட்டான் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட அளவீட்டின் தேவையையும் இக்கட்டுரை விளக்குகிறது. குறைந்த ஒளியிலேயே வரம்பை எட்டும் லெட்டூஸையும், மிகுதியான ஒளியையும் விளைச்சலாக மாற்றும் கஞ்சாவையும் அருகருகே வைத்து, ஒளியளவை வரையறுக்கும் காரணிகள் பயிருக்குப் பயிர் வேறுபடுவதை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: செயற்கை ஒளி, ஃபோட்டான் அடர்வு, நாள் ஒளித்தொகை, நுனிக்கருகல், ஒளிக்காலத்துவம், எல்.இ.டி. விளக்கு

முன்னுரை

விளக்கொளியில் செடி வளருமா என்னும் வினா மின்விளக்கைவிடப் பழமையானது. ரஷ்யத் தாவரவியலாளர் ஆந்திரேய் ஃபமின்த்சின் 1868-இல் மண்ணெண்ணெய் விளக்குகளின் ஒளியைக் கொண்டு தாவர ஆய்வுகளை நடத்தினார். வில்லியம் சீமன்ஸ் 1880-இல் இங்கிலாந்தில் மின்வில் விளக்கைச் செடிகளின்மேல் பாய்ச்சிப் பார்த்தார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லிபர்ட்டி ஹைட் பெய்லி மின்வில் விளக்கொளியில் காய்கறிகளை வளர்த்துத் தம் முடிவுகளை 1891-இல் வெளியிட்டார். லெட்டூஸ் அவ்வொளியில் விரைந்து வளர்ந்தது. ஆனால், மூடப்படாத விளக்கின் அருகிலிருந்த செடிகள் கருகின. விளக்கைக் கண்ணாடிக் கூண்டால் மூடியபோது அத்தீங்கு குறைந்தது. ஒளி உண்டா, இல்லையா என்பதைக் காட்டிலும் எந்த ஒளி, எவ்வளவு, எத்தொலைவில் என்பனவே முதன்மையான வினாக்கள் என்பதை அச்சோதனையே உணர்த்திவிட்டது எனலாம்.

இன்று அவ்வினாக்கள் ஆய்வகத்தைக் கடந்து வணிகத்தின் உயிர்நாடியாக மாறியுள்ளன. அடுக்கடுக்கான தட்டுகளில் கீரை வளர்த்த ஏரோஃபார்ம்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 2023 ஜூன் மாதத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. அதற்கு முந்தைய ஆண்டில் ஐரோப்பாவில் எரிசக்தி விலை உயர்ந்தபோது நெதர்லாந்தின் கண்ணாடிக்குடில் விவசாயிகள் பலர் குளிர்கால விளக்குகளைக் குறைத்தனர் அல்லது அணைத்தனர். நிறுவனங்களின் வீழ்ச்சிக்குக் கடன், சந்தை எனப் பல காரணங்கள் இருப்பினும், சூரியன் இலவசமாகத் தருவதை விலை கொடுத்து வாங்கும் எந்த முறையிலும் ஒளிக்கணக்குப் பிழைத்தால் மற்ற கணக்குகள் நிற்பதில்லை.

கண்ணின் அளவும் இலையின் அளவும்

ஒளியை அளக்கப் பரவலாகக் கையாளப்படும் கருவி லக்ஸ்மானி ஆகும். கைபேசிச் செயலிகளும் லக்ஸிலேயே அளவு காட்டுகின்றன. லக்ஸ் என்பது மனிதக் கண்ணின் உணர்திறனை அடிப்படையாகக் கொண்டது. 1924-இல் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் வரையறுத்த உணர்திறன் வளைவின்படி, 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பசுமஞ்சள் ஒளியே கண்ணுக்கு மிகப் பிரகாசமாகத் தோன்றும். நீலமும் ஆழ்சிவப்பும் அதே ஆற்றலுடன் விழுந்தாலும் கண்ணுக்கு மங்கலாகவே தெரியும். இலையின் நிலை வேறு. ஒளிச்சேர்க்கை என்பது ஃபோட்டான்களை எண்ணிக்கையாகப் பெற்று நிகழும் வேதிவினை. கே.ஜே. மெக்ரீ 22 பயிரினங்களின் இலைகளை அளந்து 1972-இல் வெளியிட்ட ஆய்வு, 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி முழுவதையும் இலைகள் பயன்கொள்வதையும், அதில் சிவப்பின் பயன்திறன் மிகுந்திருப்பதையும் காட்டியது. பச்சை ஒளி செடிக்கு அறவே உதவாது என்னும் கருத்து இன்றும் சில பாடநூல்களில் காணப்படுகிறது. மெக்ரீயின் அளவீடுகள் அதற்கு இடந்தரவில்லை.

எனவே பயிர் ஆய்வில், ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு வினாடியில் விழும் 400–700 நானோமீட்டர் எல்லைக்குட்பட்ட ஃபோட்டான்களின் எண்ணிக்கை மைக்ரோமோல் அலகில் குறிக்கப்படுகிறது. இது ஒளிச்சேர்க்கை ஃபோட்டான் பாய அடர்த்தி எனப்படும். இக்கட்டுரையில் இது சுருக்கமாக ஃபோட்டான் அடர்வு எனச் சுட்டப்படுகிறது; மைக்ரோமோல் என வருமிடங்களில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வினாடிக்கு என்று கொள்ளவேண்டும். நண்பகல் வெயிலில் இது ஏறத்தாழ 2,000 மைக்ரோமோல் ஆகும்.

இவ்விரு அளவுகளுக்கும் இடையேயான விகிதம் விளக்குக்கு விளக்கு மாறுவதே சிக்கலின் வேர். சூரிய ஒளியில் 1 மைக்ரோமோல் ஏறத்தாழ 54 லக்ஸுக்கு இணை. உயரழுத்தச் சோடிய விளக்கில் அது 82 லக்ஸ். 660 நானோமீட்டர் சிவப்பும் 450 நானோமீட்டர் நீலமும் மட்டும் தரும் எல்.இ.டி. விளக்கில், உணர்திறன் வளைவின்படி கணக்கிட்டால், 1 மைக்ரோமோல் வெறும் 7 அல்லது 8 லக்ஸ் அளவே வரும். ஆகவே 250 மைக்ரோமோல் ஒளி சூரியனிடமிருந்து வந்தால் லக்ஸ்மானி 13,500 காட்டும். அதே ஒளி சிவப்பு-நீல விளக்கிலிருந்து வந்தால் ஏறத்தாழ 1,900 மட்டுமே காட்டும். செடிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. அளவி 1,900 காட்டுவதைக் கண்டு ஒளி போதவில்லை எனக் கருதி விளக்கைத் தாழ்த்துபவர், போதுமான ஒளியில் நன்றாக இருந்த செடியைக் கருக்கிவிடுவார். மலிவான லக்ஸ்மானிகளின் வடிகட்டிகள் ஆழ்சிவப்பில் துல்லியம் குன்றியவை என்பதால் நடைமுறையில் பிழை இதனினும் பெரிதாகலாம். குவாண்டம் உணரி எனப்படும் கருவி விலை மிகுந்ததுதான். எனினும், ஒரு பருவப் பயிரை இழப்பதோடு ஒப்பிட்டால் அவ்விலை பெரிதன்று.

நாள் ஒளித்தொகை

ஃபோட்டான் அடர்வு ஒரு கணத்தின் அளவு. பயிரின் வளர்ச்சியோ நாள் முழுவதும் பெற்ற ஒளியின் கூட்டுத்தொகையைச் சார்ந்தது. அடர்வை ஒளி எரியும் மணிகளாலும் பின்னர் 0.0036-ஆலும் பெருக்கினால் அத்தொகை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை மோல் எனக் கிடைக்கும். 250 மைக்ரோமோல் ஒளியை 16 மணி நேரம் தந்தால் 14.4 மோல் வரும். தமிழகத்தின் தெளிந்த வானில் திறந்தவெளி நிலம் ஒரு நாளில் 40 மோலுக்கும் மேல் பெறுகிறது. வட அமெரிக்காவின் வடபகுதிகளில் டிசம்பர் மாதத்தில் அது 10 மோலுக்கும் கீழே இறங்குகிறது. செயற்கை ஒளித் தொழில்நுட்பம் ஏன் வடபுலங்களில் தோன்றி வளர்ந்தது என்பதற்கு இவ்வெண்களே விடை கூறும். நம் நிலத்தில் பசுமைக்குடில் விவசாயியின் சிக்கல் பெரும்பாலும் ஒளியைக் கூட்டுவதன்று, நிழல்வலையால் குறைப்பதே. வடபுலத்துக் கையேடுகளை அப்படியே பின்பற்றுவோர் இதை மனங்கொள்ளுதல் நலம்.

ஒரே ஒளித்தொகையை இரு வழிகளில் தரலாம்: மிகுந்த அடர்வில் குறைந்த நேரம் அல்லது குறைந்த அடர்வில் நீண்ட நேரம். இரண்டாவது வழியே பொதுவாகச் சிக்கனமானது. இலை குறைந்த ஒளியில் தான் பெறும் ஃபோட்டான்களில் பெரும்பங்கைப் பயன்படுத்திக்கொள்கிறது. ஒளி கூடக்கூட அப்பங்கு குறைந்து, ஒரு நிலைக்குமேல் ஒளிச்சேர்க்கை வீதம் கிடைமட்டமாகிறது. தவிர, குறைந்த அடர்வுக்குக் குறைந்த எண்ணிக்கையில் விளக்குகள் போதும். லெட்டூஸ் போன்ற இலைப்பயிர்களுக்கு 16 மணி நேர ஒளி வழக்கமானதற்கு இதுவே காரணம்.

லெட்டூஸ்: ஒளியைத் தடுப்பது கால்சியம்

லெட்டூஸ் 200 முதல் 250 மைக்ரோமோல் ஒளியில் நன்கு வளரும். ஒளியை அதற்குமேலும் கூட்டினால் வளர்ச்சி வேகம் உயரத்தான் செய்கிறது. ஆயினும் வணிக வளர்ப்பாளர்கள் அங்கே நின்றுவிடுவதற்கு ஒளிச்சேர்க்கையின் வரம்பு முதற்காரணமன்று. விரைந்து வளரும் செடியின் உட்புற இளந்தளிர்களின் விளிம்பு பழுப்பாகிக் கருகிவிடுகிறது. நுனிக்கருகல் எனப்படும் இக்குறைபாடு உள்ள தலையைக் கடைக்காரர் வாங்குவதில்லை.

பார்வைக்கு இது ஒளியால் சுட்டதுபோல் தோன்றினும் உண்மைக் காரணம் கால்சியம் பற்றாக்குறையாகும். கால்சியம் சைலம் குழாய்களின் வழியே நீரோட்டத்தோடு மட்டுமே மேலேறும். முதிர்ந்த இலைக்குச் சென்றபின் அங்கிருந்து இளந்தளிருக்குத் திரும்பாது. நீரோட்டத்தை இழுப்பது நீராவிப்போக்கு. வெளியிலைகள் விரிந்து காற்றில் நிற்பதால் நீரை ஆவியாக்கிக் கால்சியத்தைத் தம்பால் ஈர்த்துக்கொள்கின்றன. தலையின் நடுவில் ஈரமும் அசைவற்ற காற்றும் சூழ்ந்த தளிர்களில் நீராவிப்போக்கு மிகக் குறைவு. அவை வளரும் வேகத்துக்கேற்பக் கால்சியம் வராதபோது செல்சுவர்கள் வலுவிழந்து திசு சிதைகிறது. கரைசலில் கால்சியத்தைக் கூட்டிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏமாற்றமடைவர். குறைபாடு வேரில் அன்று, போக்குவரத்தில் உள்ளது.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் ஆல்பிரைட்டும் குழுவினரும் லெட்டூஸ் வளர்ப்புக்கென வகுத்த முறையில் நாளொன்றுக்கு 17 மோல் ஒளித்தொகை இலக்காகக் கொள்ளப்பட்டது. செடிகளின் தலைக்குமேல் விசிறி அமைத்துக் காற்றைச் செங்குத்தாகக் கீழ்நோக்கிச் செலுத்தியதால்தான் அவ்வளவு ஒளியை நுனிக்கருகல் இன்றித் தர முடிந்தது. பெய்லி லெட்டூஸை விளக்கொளியில் வளர்த்து ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப்பின், அதே பல்கலைக்கழகத்தில், ஒளியின் வரம்பை உயர்த்தியது மேலும் சிறந்த விளக்கன்று, ஒரு விசிறி. காற்றோட்டம், ஈரப்பதம், கரியமிலவாயு ஆகியவற்றைக் குறிப்பிடாமல் ஒரு பயிருக்கு இவ்வளவு ஒளி போதும் என எண் கூறுவது பொருளற்றது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று அரிது.

கஞ்சா: இரவின் நீளம் விதிக்கும் வரம்பு

கஞ்சாச் செடியின் ஒளித்தேவை இதற்கு நேரெதிரானது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டத்தின்படி இதனை அரசின் உரிய அனுமதியின்றிப் பயிரிடுதல் குற்றமாகும். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் உரிமம் பெற்ற வளர்ப்பு சட்டப்படி நடைபெறுவதால், இப்பயிரின் ஒளியியல் பற்றிய அண்மை ஆய்வுகளில் குறிப்பிடத்தக்கவை அந்நாட்டிலிருந்து வந்துள்ளன.

பயிர் வரலாற்றில் கஞ்சாவுக்கு ஒரு தனியிடம் உண்டு. பாரிஸ் நகரில் ஜூலியன் தூர்னுவா 1912 முதல் 1914 வரை ஹாப்ஸ், கஞ்சா ஆகிய செடிகளை ஆராய்ந்து, பகலொளி நேரத்தைச் சுருக்கினால் அவை முன்கூட்டியே பூப்பதையும், பகலின் குறுக்கத்தைவிட இரவின் நீட்சியே அதற்குக் காரணமாகலாம் என்பதையும் கண்டார். முதல் உலகப்போரில் அவர் உயிரிழந்ததால் அவ்வாய்வு நின்றுபோனது. கார்னரும் அல்லார்டும் 1920-இல் அமெரிக்காவில் புகையிலையையும் சோயாவையும் கொண்டு ஒளிக்காலத்துவத்தை நிறுவினர். புகழும் அவர்களைச் சேர்ந்தது.

இவ்வுண்மை ஒளியளவுக் கணக்கோடு நேரடியாகப் பிணைந்துள்ளது. குறும்பகல் தாவரமான இதன் பெரும்பாலான வகைகள் பூக்கும் பருவத்தில் நீண்ட, இடையறாத இருளை வேண்டுகின்றன. எனவே ஒளி நேரம் 12 மணியாகக் குறைக்கப்படுகிறது. லெட்டூஸுக்குக் கூறிய சிக்கன வழி, அதாவது குறைந்த அடர்வில் நீண்ட நேரம் ஒளி தருதல், இங்கு அடைபட்டுவிடுகிறது. நாள் ஒளித்தொகையை உயர்த்த வேண்டுமானால் அடர்வை உயர்த்துவதொன்றே வழி. 14.4 மோல் தொகையை 16 மணி நேரத்தில் தர 250 மைக்ரோமோல் போதும். 12 மணி நேரத்தில் தர 333 வேண்டும். பூக்கும் பயிருக்கு 40 மோல் வேண்டுமெனில் அடர்வு 900 மைக்ரோமோலைத் தாண்டுகிறது.

இருளைக் கலைக்கும் ஒளி மிகக் குறைவாக இருந்தாலே போதும் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. ஓசூர்ப் பகுதிப் பசுமைக்குடில்களில் குறும்பகல் பயிரான சாமந்தி முன்கூட்டியே பூத்துவிடாதிருக்க இரவில் விளக்கெரிப்பதும் இதே கொள்கையின்பாற்பட்டது. அங்கே ஒளி உணவன்று, செய்தி மட்டுமே. பைட்டோகுரோம் என்னும் நிறமி அச்செய்தியைப் பெறுகிறது. ஒளிச்சேர்க்கைக்குத் தேவைப்படும் அளவில் நூற்றில் ஒரு பங்கு ஒளியே அதற்குப் போதுமானதாகும்.

கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோட்ரிகெஸ்-மாரிசன், லியுவெலின், ஜெங் ஆகியோர் 2021-இல் வெளியிட்ட ஆய்வில் பூக்கும் பருவச் செடிகளுக்கு 120 முதல் 1,800 மைக்ரோமோல் வரை பல அளவுகளில் ஒளி தரப்பட்டது. பூங்கொத்தின் உலர் எடை அவ்வெல்லை முழுவதிலும் நேர்க்கோட்டில் உயர்ந்தது. ஆனால் தனி இலையின் ஒளிச்சேர்க்கை வீதம் அதற்கு வெகு முன்பே தன் உச்சத்தை எட்டிவிட்டது. முரண்போலத் தோன்றும் இம்முடிவே அவ்வாய்வின் சிறப்பு. உச்சியிலுள்ள இலை நிறைவடைந்தபின் மிஞ்சும் ஒளி வீணாவதில்லை. இலைத்தொகுதியின் இடையிலும் அடியிலும் நிழலில் பசித்திருக்கும் இலைகளுக்கு அது சென்றடைகிறது. ஆகவே தனி இலையில் எடுத்த அளவைக் கொண்டு முழுப்பயிரின் ஒளித்தேவையை முடிவு செய்தல் பிழையாகும். நெல், கரும்பு குறித்த இலைநிலை அளவீடுகளை விளக்குவோர்க்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். மேலும், ஒளி கூடினால் பூவின் வேதிப்பொருள் வீரியமும் கூடும் என்னும் நம்பிக்கைக்கு அச்சோதனை ஆதரவளிக்கவில்லை. விளைச்சல் கூடியது, வீரியச் செறிவு ஒளியளவால் மாறவில்லை.

மின்கட்டணமும் வெப்பமும்

நவீன எல்.இ.டி. விளக்குகள் 1 ஜூல் மின்னாற்றலுக்கு 3 மைக்ரோமோல் அளவில் ஃபோட்டான் தருகின்றன. நல்ல உயரழுத்தச் சோடிய விளக்கு ஏறத்தாழ 1.7 தரும். 660 நானோமீட்டர் சிவப்பொளியில் இயற்பியல் அனுமதிக்கும் மேல்வரம்பே 5.5 தான். விளக்கொளி முழுவதும் பயிரின்மேல் விழுவதாகக் கொண்டால், லெட்டூஸின் 14.4 மோலுக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 1.33 யூனிட் மின்சாரம் வேண்டும். சோடிய விளக்கெனில் 2.35 யூனிட். கஞ்சாவுக்கு 1,800 மைக்ரோமோலை 12 மணி நேரம் தருவதாயின் எல்.இ.டி. விளக்கிலேயே 7.2 யூனிட் ஆகிறது. மூடிய அறையில் விளக்கின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகவே எஞ்சுவதால், அதை வெளியேற்றும் குளிர்பதனச் செலவு தனி.

இவான் மில்ஸ் 2012-இல் வெளியிட்ட கணிப்பின்படி, அமெரிக்காவின் மொத்த மின்நுகர்வில் ஏறத்தாழ 1 விழுக்காடு உள்ளரங்கக் கஞ்சா வளர்ப்புக்குச் சென்றது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல், 1 கிலோ உலர்ந்த பூவுக்கு 2,283 முதல் 5,184 கிலோ வரை கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான வாயுக்கள் வெளியாவதாக, அமெரிக்காவின் வெவ்வேறு இடங்களுக்குக் கணக்கிட்டனர். ஒளியைக் கூட்டினால் விளைச்சல் நேர்க்கோட்டில் கூடும் என்னும் முடிவைப் படிக்கும்போது இவ்வெண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். பயிர் ஏற்றுக்கொள்ளும் ஒளியளவும், ஏற்றுக்கொள்ளத்தக்க ஒளியளவும் ஒன்றல்ல.

அடர்வைச் சீராக்குதல்

புள்ளி ஒளிமூலத்தின் தொலைவை இருமடங்காக்கினால் ஒளி நான்கிலொன்றாகும் என்பது பள்ளிப்பாடம். நீண்ட பட்டைகளாகத் தட்டு முழுவதையும் மூடி நிற்கும் எல்.இ.டி. வரிசைக்கு இவ்விதி அவ்வாறே பொருந்தாது. வெண்சுவர்கள் ஒளியைத் திருப்பி அனுப்பும் அறையில் தொலைவின் விளைவு இன்னும் தணிகிறது. இத்தகைய அமைப்பில் விளக்கை ஏற்றி இறக்குவதைவிட மின்னோட்டத்தைக் குறைத்து மங்கலாக்குவதே நேரிய வழி. குறைந்த மின்னோட்டத்தில் எல்.இ.டி.யின் பயன்திறன் சற்று உயர்வது கூடுதல் ஆதாயம்.

தட்டின் நடுப்பகுதி நாற்புறமிருந்தும் ஒளி பெறுவதால் விளிம்பைவிட எப்போதும் பிரகாசமாயிருக்கும். நடுவில் ஒரே ஓர் அளவெடுத்து அதனைத் தட்டு முழுவதற்கும் எழுதிவைப்பது ஆய்வுகளில் காணப்படும் பரவலான குறை. கட்டங்களாகப் பிரித்து, செடியின் உச்சி உயரத்தில் உணரியைக் கிடைமட்டமாக வைத்துப் பல இடங்களில் அளத்தல் வேண்டும். செடி வளரவளர உச்சி விளக்கை நெருங்குவதால் முதல் நாள் அளவு இருபதாம் நாளுக்குப் பொருந்தாது.

மிகுந்த ஒளியின் தீங்கு உடனே கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பசுங்கணிகங்கள் செல்லின் பக்கச் சுவர்களை ஒட்டி நகர்தலும், மிகையாற்றலைக் கரோட்டினாய்டு நிறமிகள் வெப்பமாக வெளிவிடுதலும் முதற்காப்புகள். அவற்றையும் மீறும்போது இரண்டாம் ஒளியமைப்பின் டி1 புரதம், செல் அதனைப் பழுதுபார்க்கும் வேகத்தைவிட விரைவாகச் சிதைகிறது. பச்சையம் வெளுப்பது அதன்பின்னரே. வெளுத்த இலை மீளப் பசுமையாவது அரிது. நிழலில் முளைத்த நாற்றைத் திடீரென முழு ஒளிக்கு மாற்றாமல் சில நாள்களில் படிப்படியாக ஒளியைக் கூட்டுவது, இப்பாதுகாப்பு அமைப்புகள் புதிய அளவுக்கேற்பப் பெருக அவகாசம் தருவதற்கே. குறையொளியின் அடையாளங்கள் எளியன: தண்டு நீண்டு மெலியும், இலை மென்மையாகும், சிவப்பு லெட்டூஸ் தன் ஆந்தோசயனின் நிறத்தை இழந்து பச்சையாகவே நிற்கும்.

சொல்லால் விளையும் குழப்பம்

தமிழில் இத்துறையை எழுதும்போது அளவீட்டுப் பிழை கலைச்சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. தமிழக இயற்பியல் பாடநூல்களில் ஒளிச்செறிவு என்பது கேண்டிலாவில் அளக்கப்படும் அளவைக் குறிக்கிறது. வேளாண் கட்டுரைகளில் அதே சொல் லக்ஸுக்கும் ஃபோட்டான் அடர்வுக்கும் ஆளப்படுகிறது. மூன்றும் வெவ்வேறு இயற்பியல் அளவுகள். ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெற விளக்கின் நிறமாலை தெரிந்திருக்க வேண்டும். இலங்கைத் தமிழில் ஒளிச்சேர்க்கைக்கு ஒளித்தொகுப்பு என்னும் சொல் வழங்குவதால், நாள் ஒளித்தொகை போன்ற புதிய சொற்களை அங்குள்ள வாசகர் வேறாகப் பொருள்கொள்ளவும் இடமுண்டு. காந்தப்பாயம் என்பதில் ஏற்கெனவே நிலைபெற்ற பாயம் என்னும் சொல்லை ஒட்டி ஃபோட்டான் பாய அடர்த்தி என வழங்குவது இவ்விரு சிக்கல்களையும் தவிர்க்கும். எச்சொல்லை ஆண்டாலும், விளக்கின் வகை, நிறமாலை, செடியின் உச்சியில் எடுத்த அளவுகளின் சராசரியும் வீச்சும், ஒளி எரிந்த மணிநேரம் ஆகியவற்றை அலகுகளோடு அட்டவணையில் தராத ஆய்வை மற்றொருவர் மீளச் செய்து பார்க்க இயலாது. லக்ஸ் எண்ணை மட்டும் தந்து, விளக்கின் வகையைக் கூறாமல் விட்ட பழைய ஆய்வேடுகளின் தரவுகளை இன்று ஃபோட்டான் அடர்வுக்கு மாற்றிப் பயன்படுத்த வழியேயில்லை.